சேர்வராயன் உச்சியிலிருந்து பூலாம்பட்டிக் கதவணை வரை

வியாழன், ஏற்காடு

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் பேப்பரைப் பிரித்ததும் கண் போகிற இடம் மேட்டூர் நீர்மட்டம். அந்த எண்ணை வைத்துத்தான் குறுவை போடுவதா வேண்டாமா என்று முடிவாகும். அணையைச் சுற்றியிருக்கிற ஊர்களில் தண்ணீர் என்ன பாடு படுகிறது என்று நாங்கள் விசாரித்ததே இல்லை. தண்ணீர், கரண்ட், வெள்ளாமை, காடு நாலையும் தனித்தனியாக நிர்வாகம் செய்ய முடியாது என்று 2011 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிப் பேசினார்கள். அதற்குப் பிறகு வளரும் நாடுகளுக்கான பல திட்டங்களில் இந்தப் பேச்சு வந்துவிட்டது. 2024 டிசம்பரில் நமீபியாவின் விண்ட்ஹோக்கில் ஒப்புதலான பல்லுயிர் அறிக்கையும் உணவு, நீர், உடல்நலம், பருவநிலை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. இதையெல்லாம் காகிதத்தில் படித்தது போதும், கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன். அதற்குச் சேலத்தைவிட நல்ல மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். சேலத்துத் தோழியின் ஸ்கூட்டர் இருக்கிறது. மலை உச்சியில் தொடங்கி, தண்ணீர் இறங்குகிற திசையிலேயே இறங்கிக் காவிரிக்குப் போவதாகத் திட்டம்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மார்கழிப் பனியில் எதிரில் வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு காப்பித் தோட்டம்.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், காக்பர்ன் என்கிற சேலம் கலெக்டர் காலத்தில். இப்போது பழம் எடுக்கிற நேரம். இடுப்பில் பை கட்டிய பெண்கள் சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறார்கள். தோட்டத்து மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, உங்க ஊர்ல மழை எப்படி?"

காப்பிக்காரர்களுக்கு மார்ச் மாதத்தில் ஒரு மழை வேண்டும். அதற்குப் பெயர் பூ மழை. அது பெய்தால்தான் மொட்டு ஒன்றுபோல வெடிக்கும். "முன்னெல்லாம் அது தானா வரும். இப்ப வராத வருஷம் டீசல் இஞ்சின் வெச்சுக் குட்டையிலிருந்து இறைச்சு ஸ்பிரிங்க்ளர் போட வேண்டியிருக்கு. பூவுக்கு ஒரு தடவ, காய் பிடிக்க ஒரு தடவ." வானம் இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது டீசல் செலவாகிறது. இஞ்சின் குட்டையைக் குடித்துவிட்டால், கீழே இருக்கிற மலையாளிப் பழங்குடி ஊரின் ஊற்று மெலிகிறது. அதையும் அவரேதான் சொன்னார்.

நிழல் மரங்களைக் காட்டச் சொன்னேன். பெரும்பாலும் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. நேராக வளரும், பத்திருபது வருஷத்தில் வெட்டி விற்கலாம் என்பதால் தோட்டக்காரர்களுக்குப் பிடித்த மரம். இடையிடையே பழைய பலாவும் அத்தியும் நிற்கின்றன. மேஸ்திரி ஒரு அத்தி மரத்தடிக்குக் கூட்டிப்போய் இலைச் சருகை விலக்கிக் காட்டினார். விரல் நுழைய நுழையக் கறுப்பு மண், ஈரம், மண்புழு. பத்தடி தள்ளி சில்வர் ஓக் அடியில் அதே மாதிரி விலக்கினார். உதிர்ந்த இலை மட்கவில்லை, அடி மண் வெளுத்துக் கிடந்தது. இரண்டு பிடி மண்ணையும் என் இரண்டு கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். ஒன்று உருண்டையாய்ப் பிடித்தது, மற்றது உதிர்ந்தது. மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிற வேலையை எந்த மண் செய்யும் என்று கை சொல்லிவிட்டது.

சாயங்காலம் சேர்வராயன் கோயில். மலையின் தலை சமவெளியாகப் பரந்து கிடக்கிறது. கோயில் என்பது குனிந்து போகிற குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் பக்கத்தில் பக்கத்தில். ஏற்காட்டு உச்சியில் காவேரிக்கு என்ன வேலை என்று எந்த ஊர்க்காரரும் கேட்பதில்லை. மலையும் ஆறும் சேர்த்துத்தான் இங்கே சாமி.

இந்தத் தட்டையான உச்சிகளின் மேல்தோல் பாக்சைட், அலுமினியம் எடுக்கிற தாதுக்கல். மழையை உறிஞ்சி வைத்திருந்து சரிவுகளில் ஊற்றாக விடுகிற தோல் அது. 1960களில் மேட்டூரில் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பாக்சைட் போனது. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14, 15 யூனிட் கரண்ட் வேண்டும். மலையின் தண்ணீர்த் தொட்டியை வெட்டி, ஆற்றுக் கரைக்குக் கொண்டுபோய் மின்சாரத்தில் உருக்கிப் பாத்திரம் செய்தோம். அன்றைக்கு அதைக் கணக்குப் பார்த்தவர்களின் ஏட்டில் ஊற்றுக்கு ஒரு பத்தி இருந்திருக்காது.

வெள்ளி, கன்னங்குறிச்சி

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் கிளியூர் அருவியாக விழுகிறது. அருவிக்குப் போகிற பாதையில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டே இரண்டு மாணவர்கள் ஏறி வந்தார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மலையின் தென்சரிவு ஓடைகள் அடிவாரத்துப் புது ஏரிக்கும், அங்கிருந்து கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் வருகின்றன. மூக்கனேரி ஒரு காலத்தில் குப்பையும் முள்ளுமாகக் கிடந்தது. 2010 வாக்கில் சேலம் மக்கள் குழுவினர் அதைத் தூர்வாரினார்கள். வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அடைகின்றன. ஒரே வேலையில் ஏரிக்கு ஆழமும் பறவைக்கு வீடும் கிடைத்தது, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊறலும் கிடைத்தது. கரையோரத்து டீக்கடை அக்கா, "எங்க வீட்டு போர்ல கோடையிலயும் தண்ணி நிக்குது கண்ணு" என்றார்.

அதே தண்ணீர் ஊருக்குள் போனதும் என்ன ஆகிறது என்பதைத் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்றால் போதும், மூக்கே சொல்லிவிடும். மலையில் பிறந்த ஆறு, ஊர்ச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிறது. வழியில் அதையும் இறைத்துப் பாய்ச்சுகிற வயல்கள் உண்டு. வேறு தண்ணீர் இல்லாதவர்கள் அவர்கள், குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு இடமும் பார்த்தே ஆக வேண்டும் என்று தோழி பனமரத்துப்பட்டிக்குக் கூட்டிப்போனாள். சேலத்தின் குடிநீருக்காகவே 1911ல் கட்டிய ஏரி. கரையில் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை சீமைக் கருவேலம். சேலம் இன்று குடிப்பது மேட்டூர்த் தண்ணீர், மோட்டார் வைத்து மேடேற்றிக் கொண்டு வருவது. பக்கத்து மலைகளின் மழையைப் பிடிக்கக் கட்டிய ஏரியை முள்ளுக்கு விட்டுவிட்டு, தூரத்து ஆற்றைக் கரண்ட் செலவழித்து இழுத்து வருகிறோம். ஆற்றுநீர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஊர் அவ்வளவு பெருகிவிட்டது. ஆனால் வரத்து வாய்க்காலைச் சரிசெய்கிற செலவையும் மோட்டாரின் கரண்ட் பில்லையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிற அதிகாரி யார்? குடிநீர் ஒருவர் கையில், ஏரி ஒருவர் கையில், மலைச்சரிவு வனத்துறை கையில்.

சனி, ஆத்தூர் சாலை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். இந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த நாள் இதுதான்.

சாலையின் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பத்து மாசப் பயிர், அதிகத் தண்ணீர் கேட்காது, ஆனால் கிழங்கு வெட்டியதும் உடனே ஆலைக்குப் போயாக வேண்டும். நாங்கள் இறங்கிய காட்டின் சொந்தக்காரரிடம் மூன்று ஏக்கர் இருக்கிறது. அவர் அப்பா வெட்டிய கிணறு இன்னும் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். கல்கட்டில் ஆலங்கன்று முளைத்திருந்தது, அடியில் ஈரம் மட்டும். பக்கத்தில் நான்கு போர்க்குழாய்கள் தலைநீட்டி நிற்கின்றன. மூன்று வறண்டுவிட்டன. நான்காவது ஆயிரம் அடியைத் தாண்டியது. பாறை நாடு இது. தண்ணீர் மண்ணுக்குள் குளம்போல் தேங்காது, வெடிப்பில்தான் இருக்கும். வெடிப்பைத் தேடித் தேடிக் குடைவதற்கு ரிக் வண்டி வேண்டும். அந்த வண்டிகள் இந்தியா முழுக்கப் போவது பழைய சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலிருந்து.

அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆயிரம் அடியிலிருந்து மேலே தூக்க, துளி சக்தியும் வீணாகாவிட்டால்கூட 0.83 யூனிட் வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதிக்கு மேல் வீணடிக்கும், ஆக 2 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் 200 யூனிட். அப்பா காலத்து முப்பதடிக் கிணற்றிலிருந்து அதே தண்ணீரை எடுத்திருந்தால் 6, 7 யூனிட்டில் முடிந்திருக்கும்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, நான் பில்லே கட்டறதில்லையே, எனக்கு இது எப்படித் தெரியும்?" என்றார்.

1990லிருந்து தமிழ்நாட்டில் விவசாயத்துக்குக் கரண்ட் முழுக்க இலவசம். அதை நிறுத்து என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். விலைக்கு உத்தரவாதம் இல்லாத குச்சிக்கிழங்குக்காரனுக்கு நிச்சயமாகக் கிடைக்கிற பெரிய உதவி அது. ஆனால் மிச்சம் பிடித்தவனுக்கு ஒரு பலனும் இல்லை என்பதுதான் இதில் இருக்கிற கோளாறு. மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் பெரியவர் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருக்கிறார். நள்ளிரவில் கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும், தண்ணீர் தானே பாயும். பஞ்சாபில் 2018ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒதுக்கிய அளவுக்குக் கீழே கரண்ட் செலவழித்தால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயிக்கு. இலவசம் அப்படியே இருக்கும், சேமித்தவன் கையில் காசும் வரும். இதை அவரிடம் சொன்னதும், "எனக்கு அது வந்தா நாளைக்கே சொட்டு நீர் போட்டுருவேன்" என்றார். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீருக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது. போடுவதற்கான காரணம்தான் அவருக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அவர் மகனுக்கு சோலார் பம்பு மேல் ஆசை. நல்ல ஆசைதான், நிலக்கரி மிச்சம். ஆனால் வெயில் இருக்கிற வரை காசில்லாமல் ஓடுகிற மோட்டார், நான்காவது போரையும் சீக்கிரம் வறள வைக்கும். குஜராத்தின் தூண்டி என்கிற ஊரில் 2016ல் விவசாயிகள் கூட்டுறவு சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். பாய்ச்சியது போக மீதி கரண்டை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அங்கே வெயிலும் ஒரு விளைச்சல். தண்ணீரை எடுக்காமல் விட்டால் வருமானம் என்றால் யார்தான் தேவையில்லாமல் இறைப்பார்கள்? மகன் அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டார்.

மதியம் அவர் கிழங்கு போகிற சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைக்காரர்களின் கூட்டுறவான சேகோசர்வ் 1981லிருந்து நடக்கிறது. நம் வீட்டுப் பாயசத்துக்குப் பின்னால் இருக்கிற தண்ணீரை இங்கே பார்க்க வேண்டும். கிழங்கைக் கழுவ, தோலுரித்ததை அரைக்க, அரைத்ததைச் சலித்துப் பால் எடுக்க, பாலைத் தொட்டியில் தெளியவிட என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான். அடியில் படிந்த மாவைச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெட்டி எடுக்கிறார்கள். குலுக்கிக் குருணையாக்கி, சூடான தகட்டில் வறுத்து, களத்தில் காயப்போடுகிறார்கள். வெள்ளை வெயிலில் வெள்ளைக் களம், கண் கூசுகிறது. சல்லடையில் நிற்கிற திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

தெளிந்த பிறகு வடிகிற நீர்தான் இந்தப் பக்கத்தின் பழைய துயரம். புளித்து நாறும், ஓடையில் விட்டால் மீன் செத்துவிடும், கிணற்றில் இறங்கினால் குடிக்க முடியாது. இந்த ஆலையில் அந்த நீரை ஒரு பெரிய குட்டையில் விட்டு மேலே தடித்த கறுப்பு ஷீட் போர்த்தியிருக்கிறார்கள். ஷீட் யானை முதுகுபோல் உப்பி நிற்கிறது. உள்ளே காற்றில்லாமல் கிருமிகள் அழுக்கைத் தின்று மீத்தேன் வாயுவாக்குகின்றன. அந்த வாயு குழாய் வழியாக வந்து ஜவ்வரிசி வறுக்கிற அடுப்பில் எரிகிறது, மீதியில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அடுப்புக்காரர் திருகைத் திருப்பினார். நீலச் சுடர், புகையே இல்லை. "முன்னாடி வெறகுங்க. லோடு லோடா வரும்" என்றார். அந்த விறகு எந்தச் சரிவிலிருந்து வந்திருக்கும் என்று நேற்று முன்தினம் மண்ணைக் கசக்கிய கைக்குத் தெரியும். ஒரு ஷீட் போர்த்தியதில் ஓடை பிழைத்தது, கரண்ட் செலவு குறைந்தது, காட்டில் மரமும் நின்றது. வானத்துக்குப் போய்ச் சூடேற்றியிருக்க வேண்டிய மீத்தேன் அடுப்பில் எரிகிறது. நாலையும் சேர்த்துப் பார்ப்பது என்று பெரிய கூட்டங்களில் பேசுகிறார்களே, அது இதுதான். எல்லாச் சிறிய ஆலைக்காரர்களுக்கும் முதல் போட வசதியில்லை. அரசு கடனுதவியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய இடம் இது என்று உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

ஞாயிறு, மேட்டூர், பூலாம்பட்டி

அணை. 1934ல் முடிந்தது, முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. சின்ன வயதிலிருந்து மனப்பாடமான எண்கள். மேலே நின்று பார்த்தபோது தொண்டை அடைத்தது. எங்கள் வீட்டுச் சோறு அத்தனையும் இந்தச் சுவருக்குப் பின்னால் நின்ற தண்ணீர்.

ஒரே பார்வையில் எல்லாம் தெரிகிறது. அணையடியில் நீர்மின் நிலையம், கொஞ்சம் தள்ளி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், பாசனத்துக்குப் பாய்கிற ஆறு. இங்கே ஒரு நல்ல ஒழுங்கு உண்டு. தண்ணீரைத் திறப்பது பயிருக்காக, திறந்த தண்ணீர் போகிற போக்கில் கரண்ட் எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுகிற கணக்கு டெல்டாவின் நெல் காலண்டரை வைத்து வந்தது. மின்சாரத்துக்காகத் திறந்தால் என்ன ஆகும் என்று தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றங்கரை மக்களைக் கேட்க வேண்டும். மேல் அணைகள் மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீரை நிறுத்தியும் விட்டும் வருவதால், கம்போடியாவின் பெரிய ஏரி பருவத்துக்கு வீங்கி வடிவது பிசகி, மீன்பாடு அடிபடுகிறது.

பண்ணவாடிப் பக்கம் மீனவர் ஒருவர் பரிசலில் வலை மடித்துக்கொண்டிருந்தார். நீர் வற்றினால் மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தெரிகிற இடம். இப்போது நீர் நிறைய இருக்கிறது. அவர் கவலை வேறு. வற்றிய மாதங்களில் ஏரித்தரையில் பயிர் வைக்கிறார்கள். உரம் போடுகிறார்கள். அணை மறுபடி ஏறும்போது தாளும் உரமும் மூழ்கி அழுகும், தண்ணீர் பச்சையாகப் படர்ந்து நாறும். "மீனு மேல வந்து வாயப் பொளக்கும், பாக்க முடியாதுங்க." நிலம் இல்லாதவர்களுக்கு அந்த ஏரித்தரைதான் மூன்று மாசச் சாப்பாடு. மீன் இவருக்குச் சாப்பாடு. அதே தண்ணீர் சேலத்துக்குக் குடிநீர். யாரை நிறுத்தச் சொல்வது? உரமில்லாமல் எள்ளோ பயறோ வைத்து, நீர் ஏறுமுன் தாளை அள்ளிவிட ஒரு ஏற்பாடு செய்தால் மூவருக்கும் வழி இருக்கிறது. விவசாயத் துறையும் மீன்வளத் துறையும் ஒரு தடவை ஒரே பரிசலில் ஏறினால் போதும்.

திப்பம்பட்டியிலிருந்து அணையின் உபரி நீரை மோட்டாரில் ஏற்றி மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு விடுகிற திட்டத்தையும் பார்த்தோம். வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற நீர்தானே என்பதால், டெல்டாக்காரியான எனக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. ஆனால் மேடேற்றிய தண்ணீர் போய்ச் சேருகிற ஏரிகளின் சொந்த வாய்க்கால்கள் அடைந்து கிடக்கின்றன. அதையும் வெட்டிவிட்டால் நல்ல மழை பெய்கிற வருஷம் மோட்டாருக்கு வேலை குறையும்.

கடைசியாகப் பூலாம்பட்டி. கதவணை தேக்கிய நீரில் விசைப்படகில் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகலாம். அணைக்குக் கீழே இப்படி வரிசையாகக் கதவணைகள், மேட்டூரில் கரண்ட் கொடுத்த அதே தண்ணீர் இங்கே மறுபடி 30 மெகாவாட் நிலையத்தைச் சுற்றுகிறது. படகுக்காரர், "தண்ணி ஒண்ணுதான், ஆனா எத்தன தடவ சம்பாதிக்குது பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். ஓடுகிற ஆறு குளங்களின் சங்கிலியாகிவிட்டதன் விலை ஓரங்களில் இருக்கிறது, ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கிறது. அதை வாரி, நேற்றுப் பார்த்த மாதிரி ஒரு ஷீட்டுக்கு அடியில் போட்டால் அதுவும் எரிவாயுதான். படகுக்காரரிடம் சொன்னேன். வாருவதற்குக் கூலி யார் தருவது என்று கேட்டார். சரியான கேள்வி.

ராத்திரி சேலத்துக்குத் திரும்பிய பிறகு ஆத்தூர் சாலைப் பெரியவரின் மகன் போன் செய்தார். கலெக்டர் அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். மின்வாரியம், நீர்வளம், வேளாண்மை, வனம், மீன்வளம் என்று எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்காருவது அங்கே ஒன்றில்தான். "அக்கா, அடுத்த கூட்டத்துக்கு மனு எழுதணும், நீங்க சொன்ன அந்தக் கணக்கையும் பஞ்சாப் விஷயத்தையும் கொஞ்சம் தெளிவா அனுப்புங்க" என்றார். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மிச்சம் பிடித்த யூனிட்டுக்குப் பணம், மீதி சோலார் கரண்டை வாங்க ஏற்பாடு, சின்ன சேகோ ஆலைகளுக்கு எரிவாயுக் கடன், பனமரத்துப்பட்டி ஏரியின் வரத்து வாய்க்கால். இந்த நாலையும் தனித்தனித் துறைக்கு நாலு மனுவாகப் பிரிக்காமல் ஒரே மனுவாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரியையும் கேட்டேன். மலைச்சரிவில் சில்வர் ஓக்கோடு அத்தியும் பலாவும் நட, கன்று கொடுக்கச் சொல்லி ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.